கத்திரி வெயிலில் நண்டு சிண்டுகளோடு கோட்டை பார்க்கப் போகலாமா?

லாஸ்பேட்டை அம்மா:

போன மே மாதம் செஞ்சிக்குப் போய்ப் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டே கேட்கிறேன். அப்போது பெரியவளுக்கு 6, சின்னவனுக்கு 3. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே ஒன்பது மணி. திண்டிவனத்தில் டிபன், அப்புறம் ஒருவனுக்கு வாந்தி, சட்டை மாற்றல் என்று ராஜகிரி அடிவாரத்தில் இறங்கும்போது பதினொன்றரை. கல் படிகள் தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தன. சின்னவன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டான், ஒரு படியில் கால் வைத்ததும் அலறினான். அவனை இவர் தோளில் தூக்கிக்கொண்டு ஐம்பது படி ஏறியிருப்பார். அதற்குள் கீழே நிழலில் வைத்திருந்த தயிர்சாதப் பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரியவள் அங்கேயே உட்கார்ந்து, "ராஜா எங்கேம்மா?" என்று அழ ஆரம்பித்தாள். ஒரு வாரமாக "தேசிங்கு ராஜா கோட்டைக்குப் போகிறோம்" என்று சொல்லிச் சொல்லி, ராஜாவையே பார்க்கப் போகிறோம் என்று நினைத்துவிட்டிருக்கிறாள். அவர் 1714-இலேயே ஆற்காட்டு நவாப் படையோடு சண்டை போட்டுச் செத்துப்போனார் என்று வெயிலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

இந்த வருஷம் லீவு விட்டாயிற்று. ஏசி போட்ட இடமாகப் பார்த்துப் போகலாம் என்கிறார் இவர். கோயிலுக்குப் போ என்கிறார் மாமியார். எனக்கு இன்னும் ஆசை விடவில்லை. 7 வயதும் 4 வயதும். கார் இருக்கிறது. பாண்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லித்தோப்பு நாயகன்:

விட்டுவிடுங்கள் என்பேன். என் பெரிய பையனை 5 வயதிலிருந்து மாமல்லபுரம், செஞ்சி, தரங்கம்பாடி எல்லாம் கூட்டிப் போனேன். இப்போது பத்தாவது படிக்கிறான். செஞ்சியில் என்ன பார்த்தாய் என்றால் "குரங்கு" என்கிறான். தரங்கம்பாடி என்றால் "ஐஸ்கிரீம்". டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை என்று நான் தொண்டை வறளச் சொன்னது எதுவும் மண்டையில் இல்லை. பத்து வயதுக்குக் கீழே சரித்திரம் ஏறாது. கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், மணலில் விளையாடட்டும். சின்னவளுக்கு இப்போது 5, அவள் விஷயத்தில் அந்தத் தப்பைச் செய்வதாக இல்லை.

பண்ருட்டிப் பலா:

தரங்கம்பாடி போய்விட்டு ஐஸ்கிரீம் ஞாபகம் இருக்கிறது என்றால் பையன் தெளிவாகத்தான் இருக்கிறான்.

அரியாங்குப்பம் வாத்தியார்:

வணக்கம். பள்ளியில் முப்பது வருஷம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது பேரன் பேத்தி நாலு பேரோடு ஒவ்வொரு மே மாதமும் மல்லுக்கட்டுகிறேன்.

நாயகன் தம்பி சொல்வதில் பாதி சரி. 1620 என்று சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது செல்போன் நம்பர் மாதிரி. ஆனால் அம்மா எழுதியிருப்பதைப் பாருங்கள். அந்தப் பெண் குழந்தை ராஜாவைத் தேடி அழுதிருக்கிறது. கதை ஏறியிருக்கிறது, இடம்தான் கைவிட்டுவிட்டது. அவ்வளவு பெரிய மலையில் ஒரு பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

என் யோசனை அரிக்கமேடு, அந்தக் காலத்தில் ரோமானியரோடு வியாபாரம் நடந்த துறைமுகம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

நெல்லித்தோப்பு நாயகன்:

ஐயா, மன்னிக்கவேண்டும். அரிக்கமேட்டுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு மாந்தோப்பு, இரண்டு இடிந்த சுவர், நாலு ஆடு. அந்தச் சுவரும் ரோமானியர் கட்டியது இல்லை, 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ மடத்துடையது. தோண்டிய குழிகளை எல்லாம் மூடிவிட்டார்கள். இதைக் காட்டவா ஒரு அம்மா பிள்ளைகளை வெயிலில் இழுத்துக்கொண்டு வரவேண்டும்?

அரியாங்குப்பம் வாத்தியார்:

நேராக அங்கே போனால் நீங்கள் பார்த்ததுதான் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். போகும் வரிசையை மாற்றவேண்டும்.

முதலில் பாண்டி அருங்காட்சியகம். செயின்ட் லூயி வீதி, பாரதி பூங்காவை ஒட்டி. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சோழர் காலத்துச் செப்புத்திருமேனி, பிரெஞ்சுக்காரர் பல்லக்கு, வண்டி என்று எத்தனையோ இருக்கும். எதிலும் நிற்காதீர்கள். அரிக்கமேட்டு மணிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு நேராகப் போங்கள். மிளகு அளவு, உளுந்து அளவு மணிகள், சிவப்பு, பச்சை, நீலம். என் பேத்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "தாத்தா, இதில் நூல் எப்படி உள்ளே போகும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்தத் துளையைப் போடத்தான் அங்கே ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே ஆம்போரா ஜாடித் துண்டுகள். அதில் ஒயின் வந்து இறங்கியது. பிள்ளைகளிடம் திராட்சை ஜூஸ் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் ஒரு சங்கதி உண்டு, பிள்ளைகளை அப்படியே பிடித்துவிடும். 1937-இல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த மேட்டில் கிடைத்த மணிகளையும் செதுக்கிய கற்களையும் விலைக்கு வாங்கினார். அவருக்கு அதைப் பொறுக்கிக் கொடுத்தவர்கள் யார்? அந்த ஊர்ப் பிள்ளைகள். அதில் ஒரு கல்லில் இருந்த தலை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கண்டுகொண்டார். மார்ட்டிமர் வீலர் வந்து முறையாகத் தோண்டியது 1945-இல், அடுத்து கசால், பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. பெரியவர்கள் எல்லாம் வந்தது அப்புறம்தான். முதலில் பார்த்தவர்கள் கால்சட்டை போட்ட பொடியன்கள்.

இதைச் சொல்லிவிட்டு சாயங்காலம் நாலரைக்கு மேல் அரிக்கமேட்டுக்கு வாருங்கள். ஆற்றோரமாகக் காற்று வரும். மாந்தோப்பு மாந்தோப்பாகத் தெரியாது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டே நடப்பார்கள், பாருங்கள். ஓட்டுச் சில்லு தென்பட்டால் பார்க்கலாம், எடுக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட இடம், சட்டப்படி குற்றம். முக்கால் மணி நேரம் போதும்.

மஞ்சக்குப்பம் மாமா:

வாத்தியார் ஐயா அசத்திவிட்டார். இருந்தாலும் எல்லாம் பாண்டிக்கே போனால் எப்படி? கடலூர்ப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

எங்கள் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. ராபர்ட் கிளைவ் கட்டியது. இப்போது கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கம் சிதைந்த மிச்சம் மட்டும் இருக்கிறது.

ஓ.டி. பையன்:

மாமா, கிளைவ் கட்டவில்லை. மராட்டியரிடமிருந்து 1690-இல் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் விலைக்கு வாங்கிய கோட்டை அது. அப்போது கிளைவ் பிறக்கவே இல்லை. அவர் அங்கே கவர்னராக வந்தது 1756-இல்.

மஞ்சக்குப்பம் மாமா:

சரி தம்பி, தப்புதான். ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு கிளைவ் கிளைவ் என்றே சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் அந்த 1690 வியாபாரத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது, நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்துப் பேச்சு. எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு. சும்மா விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பீரங்கியும் கைதேர்ந்த ஆளும் வரவழைத்து நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமமெல்லாம் கும்பெனிக்கு. அதனால் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். இன்றைக்கும் கடலூரில் குண்டு சாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. தினம் அந்த வழியில் ஆட்டோவில் போகிற பிள்ளைகளுக்கு அது என்ன குண்டு என்று யாரும் சொல்வதில்லை. என் தங்கை மகன் ரொம்ப நாள் அங்கே குண்டாக ஒருவர் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் அவனையும் அவன் தங்கையையும் காலை ஆறு மணிக்கு சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கு ஒரு பந்து. "நீ நிற்கிற இடம் கோட்டை. பந்தை எறி. எங்கே விழுகிறதோ அதுவரை உன் ஊர்" என்றேன். பையன் ஓங்கி எறிந்தான். தங்கை எறிந்தது அவள் காலடியிலேயே விழுந்தது, ஒரு குடிசை கூடத் தேறாது. உடனே அவள் என் கையைப் பிடித்து, "எனக்குப் பதில் நீங்க எறிங்க மாமா" என்றாள். நான் எறிந்தேன். பையன் விடவில்லை, "அது கள்ளாட்டம், வெளியாள் எறியக்கூடாது" என்று சண்டை. "கும்பெனிக்காரனும் வெளியாளை வைத்துத்தான் சுட்டான்" என்றேன். அரை மணி நேரம் வழக்கு ஓடியது. காலால் கோடு கிழித்து, கிளிஞ்சல் நட்டு, எல்லை வைத்து, ஊர்களுக்குப் பேரும் வைத்தார்கள். எட்டு மணிக்கு வெயில் ஏறுவதற்குள் இட்லி சாப்பிட வீட்டுக்கு வந்துவிட்டோம். கோட்டை இடிபாட்டைப் போகிற போக்கில் காட்டினேன், அதற்கு மேல் அதில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

ஓ.டி. பையன்:

சண்டை வேண்டுமென்றால் அடுத்த பாகமும் இருக்கிறது மாமா. 1758-இல் லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து நம் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பீச்சில் பாண்டி டீம், கடலூர் டீம் பிரித்துவிடலாம்.

பண்ருட்டிப் பலா:

பெட்ரோல் விலை வித்தியாசத்துக்காக எல்லை தாண்டுகிறவர்களை எந்த டீமில் சேர்ப்பீர்கள்?

பஸ்ஸில் போகிறவள்:

கார் இல்லாதவர்களும் படிக்கிறோம், கொஞ்சம் கவனியுங்கள். எனக்கு ஒரே பெண், 5 வயது. நெய்வேலியிலிருந்து பாண்டிக்கு அம்மா வீட்டுக்கு வருவோம். பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் இருக்கிறதே, அது எங்களுக்குப் போதும். மரநிழல், உட்கார இடம், ஐஸ், சறுக்குமரம். பக்கத்திலேயே அருங்காட்சியகம், இரண்டு தெரு தள்ளி மணக்குள விநாயகர். அங்கே போனால் மட்டும் என் பெண் இன்னமும் யானையைக் கேட்கிறாள். லட்சுமி 2022-லேயே போய்விட்டது, அவள் அதைப் பார்த்தது கைக்குழந்தையாக. போட்டோவில் இருப்பதால் ஞாபகம் இருப்பதாகச் சொல்கிறாள்.

ஆயி கதையை எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குச் சிக்கல். ராஜா வருகிறார், விளக்கெல்லாம் எரிகிற ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார், அது ஒரு தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொல்கிறார். அவள் தானே இடித்து அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டுகிறாள். பின்னாளில் முத்திரப்பாளையத்திலிருந்து பாண்டிக்குக் குடிதண்ணீர் வந்தபோது அவள் நினைவாக மண்டபம் கட்டினார்கள், மூன்றாம் நெப்போலியன் காலத்தில். தாசி என்ற இடத்தில் "நாட்டியம் ஆடுகிற அக்கா" என்று சொல்லிச் சமாளித்தேன். என் பெண் கேட்டது வேறு. "கும்பிட்டது ராஜா தப்புதானே, அக்கா வீட்டை ஏன் இடிக்கணும்?" பதில் தெரியாமல் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன்.

நெல்லித்தோப்பு நாயகன்:

இதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

ஊசுட்டேரி:

ஒரே ஒரு இடம் சொல்கிறேன், யாரும் சொல்லவில்லை. திருவக்கரை கல்மரப் பூங்கா. ராஜா கதை இல்லை, தேதி இல்லை, படி இல்லை. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 4 வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

என் மகன் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்தான். பட்டை வரி, கிளை முறிந்த கணு எல்லாம் அச்சு அசல் மரம். விறகுக்கடையில் கிடப்பது போலவே கிடக்கிறது. தட்டிப் பார்த்தால் கல். "அப்பா, இது பொய்" என்றான். மரம் மண்ணுக்கடியில் புதைந்து, நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் கல் பிடித்துக்கொண்டது. இதைப் பஞ்சு சர்பத்தில் ஊறுவது மாதிரி என்று சொன்னேன், ஓரளவு புரிந்தது. பெரியவளுக்கு இன்னொரு கேள்வி கொடுங்கள்: இந்த மரங்களுக்கு வேரும் கிளையும் ஏன் இல்லை? முளைத்த இடம் இது இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டது என்பதுதான் பதில். புளியமரத்தின் தூரத்து உறவெல்லாம் அதில் உண்டு. மரங்கள் கிடக்கும் இந்தச் செம்மண் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்றே பெயர், மஞ்சக்குப்பம் மாமா மகிழ்ச்சி அடையட்டும்.

நிழல் குறைவு. ஏழு மணிக்கு அந்த ஊரில் இருங்கள், பூங்கா திறக்கும் வரை கோயிலில் இருக்கலாம். வக்கிரகாளியம்மன் சந்நிதி அங்கேதான். பௌர்ணமி அன்று மட்டும் போகவேண்டாம், நிற்க இடம் கிடைக்காது.

லாஸ்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் செஞ்சியை முழுக்கக் கைகழுவிவிடவேண்டியதுதானா? போன வருஷம் யுனெஸ்கோ பட்டியலில் வந்ததிலிருந்து பெரியவளே "நம்ம கோட்டை டிவியில் வந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அரியாங்குப்பம் வாத்தியார்:

கைகழுவாதீர்கள். மார்கழி, தை என்று தள்ளிப் போடுங்கள். 2025-இல் மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்து பட்டியலில் ஏறின, தமிழ்நாட்டில் அதில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். சிவாஜி பிடித்தது 1677-இல். முகலாயர் முற்றுகை எட்டு வருஷம் நீடித்தது. எட்டு வருஷம் என்றால் உங்கள் பெரியவளின் மொத்த வயதைவிட அதிகம், அப்படிச் சொல்லுங்கள், திகைத்துப் போவாள்.

போகும்போது மலை ஏறவே ஏறாதீர்கள். மேலே கோட்டை இருக்கிறது என்பதற்காக ஏறியே ஆகவேண்டுமா என்ன? அடிவாரத்திலேயே கல்யாண மகால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், குளம் எல்லாம் இருக்கிறது. களஞ்சியத்துக்குள் போய்ப் பிள்ளைகள் தங்கள் பெயரைக் கத்தட்டும், வளைந்த கூரையில் பட்டுத் திரும்பும். என் பேரன் தன் பெயரை இருபது தடவை கத்திவிட்டுத்தான் வெளியே வந்தான். 15 வயதுக்குக் கீழே டிக்கெட்டும் கிடையாது. சாப்பாட்டுப் பையைக் காரை விட்டு வெளியே எடுக்கவேண்டாம், அதற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

அதுவரை ஆறுதலுக்கு, பாண்டி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைக் காட்டுங்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். சாயங்காலம் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகள் ஓடலாம். ஒரு தூணைக் கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், கை எட்டாது.

பஸ்ஸில் போகிறவள்:

வெயில் பற்றி ஒரு வார்த்தை, பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. கத்திரி முடியும்வரை பத்து மணிக்கு மேல் வெளியே வேண்டாம். பாட்டிலில் மோர், உப்பு கொஞ்சம் தூக்கலாக. வெள்ளரிப் பிஞ்சு. நுங்கு வாங்கினால் சாலையோரத்தில் சீவிக் கொடுப்பதை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்தால் முற்றிப்போன மாதிரி இருக்கும். அப்புறம் கழிப்பறை. பெயர் சொல்லவில்லை, ஓர் இடத்தில் பூட்டு தொங்கியது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். கிளம்பும் முன்பு, வழியில், போய்ச் சேர்ந்ததும் என்று மூன்று தடவை கேட்டுவிடுங்கள். மாற்று உடை இரண்டு.

லாஸ்பேட்டை அம்மா:

போய் வந்துவிட்டோம்! வாத்தியார் ஐயா சொன்னபடி மியூசியம், அப்புறம் அரிக்கமேடு.

மியூசியத்தில் நேராக மணிப் பெட்டிக்குப் போகவேண்டும் என்பது நடக்கவில்லை. சின்னவன் ஒரு பழைய வண்டியைப் பார்த்துவிட்டு நகரமாட்டேன் என்றான், ஏறவேண்டும் என்று ஒரே அழுகை. பெரியவள் மட்டும் என்னோடு வந்தாள். மணிகளை எண்ண ஆரம்பித்தாள், 43-இல் எண்ணிக்கை தவறியது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அரிக்கமேட்டில் நாயகன் அண்ணா சொன்ன ஆடு இருந்தது. நாலு இல்லை, ஏழு. சின்னவனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இவர் ஒரு மாமரத்தடியில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவள் ஐயா சொன்ன மாதிரியே குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு கட்டை விரல் அளவு சிவப்பு ஓட்டுச் சில்லு கண்ணில் பட்டது. எடுத்துவிட்டாள். எந்தக் காலத்துச் சில்லோ, நேற்று உடைந்த பானையோ, எனக்கு என்ன தெரியும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு, ஓரத்தில் யாரோ விரலால் அழுத்தின மாதிரி ஒரு பள்ளம். அவள் தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "1937-இல் மட்டும் பசங்க எடுத்தாங்க, அவங்களுக்குக் காசு வேற குடுத்தாங்க" என்று வாதம் வேறு. ஐயா, உங்களால் வந்த வினை. கடைசியில் அவளே அதை எடுத்த இடத்தில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு மாவிலையை வைத்தாள். அது தெரியாமல் போய்விடும் என்றேன். "எனக்குத் தெரியும்" என்றாள்.

திரும்பி வரும்போது காரில் இவர்தான் கேட்டார், அடுத்த வாரம் திருவக்கரையா என்று.

அரியாங்குப்பம் வாத்தியார்:

அந்தப் பக்கம் போகும்போது மாவிலை இருக்கிறதா என்று பார்க்கிறேன் அம்மா. தொடமாட்டேன்.

நெல்லித்தோப்பு நாயகன்:

ஆடு ஏழு ஆனது எப்படியென்று தெரியவில்லை.

மஞ்சக்குப்பம் மாமா, ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவளைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் வரலாம் என்று இருக்கிறேன். எந்தப் பந்து நல்லது?

மஞ்சக்குப்பம் மாமா:

டென்னிஸ் பந்து கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பந்து என்றால் காற்றில் கடலுக்குப் போய்விடும், அப்புறம் வங்காள விரிகுடா முழுக்க அவளுடையது என்பாள்.